சென்னைத் தென்புறநகர்: நீர்ப் பற்றாக்குறையும் பொதுக்கொள்கையும்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை என ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இரு பக்கமும் தொடங்கி, கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலை வரை விரிந்து கிடக்கும் பகுதி சென்னையின் தென்புறநகர் என வழங்குகிறது. பெய்யும் மழையைப் பார்த்தால் இது வறண்ட நிலமல்ல. ஆண்டுச் சராசரி 1,300 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டார்கள். அடுத்த ஆண்டுப் பருவமழை பொய்த்தது. வெள்ளத்துக்குப் பதின்மூன்று மாதம் கழித்து, 2017 ஜனவரி 10 அன்று, தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

இப்பகுதியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை மழைக்கணக்கு மட்டும் விளக்காது. எந்தத் தெரு எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது, எந்த வாரியத்தின் குழாய் எங்கே நின்றுவிடுகிறது, எந்தச் சட்டத்தின் அட்டவணையில் எந்தக் கிராமம் இருக்கிறது என்பவையே ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் குடங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் முடிவு செய்து வந்திருக்கின்றன. நகரத்துக்கு நீர் தேடிய கொள்கைகள் புறநகரைப் பல காலம் ஒரு நீர்க்கிடங்காகவே பார்த்தன. அங்கும் குடியிருப்போர் இருக்கிறார்கள் என்பது பின்னால்தான் கணக்கில் ஏறியது.

பாறையும் மணலும்

பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் வட்டாரத்தின் அடியில் கிடப்பது கருநீல நிறமுள்ள கடினப் பாறை. கல்கத்தாவில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார். உலகப் பாறையியல் நூல்களில் இன்றும் பல்லாவரம் இடம்பெறக் காரணம் இதுதான். தண்ணீர் விஷயத்தில் இந்தப் பெருமையால் பயன் ஏதுமில்லை. பாறைக்குள் நீர் தங்குவதில்லை; மேலே சிதைந்து மண்ணான அடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஒரு வீட்டில் போர் போட்டால் இருநூறு அடியில் ஊற்று கிடைக்க, அடுத்த மனையில் அதைப் போல் இரு மடங்கு இறங்கியும் வெறும் கல்தூள் வருவது இதனால்தான். சிதைந்த அடுக்கின் நீரைத்தான் பழைய உறைகிணறுகள் தந்தன. ஆழ்துளைக் குழாய்கள் பெருகியபின் அக்கிணறுகள் பலவும் மூடப்பட்டு, மேலே கார் நிறுத்தும் இடமாகிவிட்டன.

கிழக்கே போகப் போக நிலம் மாறுகிறது. திருவான்மியூரிலிருந்து தெற்கே கோவளம் வரை கடலோரத்தில் மணற்படுகை; பெய்த மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அளவு மீறி இறைத்தால் உப்பேறும். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரே வட்டாரத்துக்குள், சில கிலோமீட்டர் இடைவெளியில், நிலத்தடி நீர் முற்றிலும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரே மாதிரி எழுதப்பட்ட விதிகள் இங்கே ஓரிடத்தில் பலித்து, பக்கத்திலேயே பலிக்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆயக்கட்டு போன ஏரிகள்

பாறை நிலத்தில் மழையைப் பிடித்துவைக்க முன்னோர் கண்ட வழி ஏரி. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று கிழக்குச் சரிவில் ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்கு வரும்; கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடையும். மேற்குச் சரிவில் இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பகுதி ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகும்.

இவை பாசன ஏரிகள். அவற்றின் நிர்வாகமும் பாசனத்தை வைத்தே வகுக்கப்பட்டது. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் வயற்பரப்பு) உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. விமானப்படைத் தளம் அமைந்தது. பிறகு மெல்ல மெல்ல வயல்கள் மனைகளாயின. வயல் போனதும் ஆயக்கட்டு போயிற்று. மதகைத் திறக்கவும் மூடவும் ஆள் தேவைப்படவில்லை. வரத்துக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கும் விவசாயியும் இல்லை. ஆவணத்தில் ஏரி பாசனத் துறையிடம் இருக்க, ஏரிக்கரையில் குப்பை கொட்டுவது உள்ளாட்சியாகவும், கழிவுநீர் விடுவது சுற்றியுள்ள வீடுகளாகவும், நீருக்கு அலைவது வேறொரு வாரியமாகவும் ஆனது. பல்லாவரம் பெரிய ஏரியையும் நாராயணபுரம் ஏரியையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இவ்வளவுக்கும் நீர்நிலையைக் காப்பதற்கென்று 2007-இல் மாநிலம் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டம் ஆக்கிரமிப்பாளரைத் தனி மனிதராகவே எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. ஏரியில் சாலை போடும் அரசுத் துறையை என்ன செய்வது என்பதற்கு அதில் எளிதான விடை இல்லை.

பள்ளிக்கரணை முன்பிருந்த பரப்பில் ஒரு பகுதியாகச் சுருங்கியபின், எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

எல்லைக்கோடு

சென்னைக்குக் குடிநீர் தரும் பொறுப்பு 1978-இல் உருவான சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்துடையது. மக்கள் வாயில் அது மெட்ரோ வாட்டர். சட்டப்படி அதன் பார்வை பெருநகர் முழுவதையும் தழுவியது. நடைமுறையில் அதன் குழாய்கள் மாநகராட்சி எல்லையோடு பெரும்பாலும் நின்றன. அதற்கு அப்பால் 1971-இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் திட்டம் போட்டுக் கட்டிக் கொடுக்கும், உள்ளாட்சி அமைப்பு அதை நடத்தும்.

ஒருவர் வாழும் ஊருக்கு அரசு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அவருக்குரிய நீரின் அளவும் மாறியது. குடிநீர் வடிகால் வாரியத்தின் நெடுநாளைய அளவுகோலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நகராட்சி என்றால் 90 லிட்டர், பேரூராட்சி என்றால் 70, ஊராட்சி என்றால் 40. ஊராட்சிக்கான அளவு பின்னர் 55 ஆயிற்று. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு மத்திய அரசின் கையேடு சொல்வது 135. கிணற்றிலும் குளத்திலும் குளித்து, மாட்டுக்கும் அங்கேயே தண்ணீர் காட்டும் கிராமத்தை மனத்தில் வைத்து ஊராட்சி அளவு வகுக்கப்பட்டது. மேடவாக்கமும் கோவிலம்பாக்கமும் பெரும்பாக்கமும் பல மாடி அடுக்ககங்கள் நிறைந்தபின்னும் ஆவணத்தில் ஊராட்சிகளாகவே இருந்தன. அடுக்ககத்தில் எந்தக் குளத்தில் குளிப்பது? பெரும்பாக்கத்திலோ, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை அரசே கொண்டுவந்து குடியமர்த்தியது. நகரத்தில் வாழ்ந்தவர்கள் ஊராட்சியின் தண்ணீர்க் கணக்குக்குள் வந்து சேர்ந்தார்கள்.

எல்லை இரண்டு முறை மாற்றி வரையப்பட்டது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது ஆலந்தூர், உள்ளகரம்–புழுதிவாக்கம், மடிப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் முதலியவை உள்ளே வந்தன. கோட்டுக்குத் தெற்கே நின்ற கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மூவரசம்பட்டு, மேடவாக்கம் வெளியே இருந்தன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அப்போதும் மேற்சொன்ன ஊராட்சிகள் ஊராட்சிகளாகவே விடப்பட்டன. எல்லைக்குள் வந்தவுடன் தண்ணீர் வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2011-இல் சேர்ந்த பல பகுதிகளில் தெருவெல்லாம் குழாய் பதிக்கவே பத்தாண்டு பிடித்தது. ஆனால் கோட்டுக்குள் வந்தவர்களுக்கு வரி கட்டிவிட்டுக் கேள்வி கேட்க ஒரு முகவரி கிடைத்தது.

தாம்பரம், பல்லாவரம் நகராட்சிகளின் பழைய ஆதாரம் பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி ஆந்திரம் வழியாக வந்து கல்பாக்கம் அருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேலே தண்ணீர் ஓடாது. மணலுக்கு அடியில் ஓடும். ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து இறைத்து, குழாய் வழியே கொண்டுவந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றித் தெருவுக்கு முறை வைத்து விடுவார்கள். ‘பாலாத்துத் தண்ணி’ என்றால் இப்பகுதியில் நல்ல தண்ணீர் என்று பொருள். போர்த் தண்ணீர் துவைக்க, இது சமைக்க. இந்தக் கிணறுகளின் உயிர் ஆற்று மணலில் இருக்கிறது. பல ஆண்டு மணல் அள்ளியதில் அந்தப் படுகை மெலிந்தது. மேற்பகுதியில் ஆந்திரம் அணை கட்ட முனைந்ததை எதிர்த்துத் தமிழகம் 2006-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. கீழ்ப்பகுதியில் தன் எல்லைக்குள் மணலைக் காக்க வேண்டியது தமிழகத்தின் வேலை. அதற்கு எந்த நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்காது.

லாரியும் கேனும்

சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் 1987-இல் வந்தது. இந்தியாவில் நகர நிலத்தடி நீருக்காக இயற்றப்பட்ட முற்காலச் சட்டங்களுள் இது ஒன்று. அட்டவணையில் சேர்க்கப்பட்ட கிராமங்களில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் இறைக்கவும், லாரியில் ஏற்றிச் செல்லவும் உரிமம் வேண்டும். நகருக்குள் அனுமதி தருவது மெட்ரோ வாட்டர். புறநகர்க் கிராமங்களில் அந்த வேலை வருவாய்த் துறை அதிகாரிகளிடம் விடப்பட்டது. சாதிச் சான்றிதழும் பட்டாவும் தேர்தலும் பார்க்கும் அதே அலுவலகம்தான், எந்தத் தோப்பில் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சட்டம் ஏட்டில் கடுமையாகவும் களத்தில் சாதுவாகவும் இருந்தது.

மாநிலம் முழுமைக்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று 2003-இல் நிறைவேறியது. ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. அதன்பின் 2014-இல் ஓர் அரசாணை வருவாய்க் குறுவட்டங்களை நீரிருப்பு நிலைக்கேற்ப வகைப்படுத்தி, மிகையாக இறைக்கப்பட்ட குறுவட்டங்களில் வணிகத்துக்கு நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை உறுதி செய்ய, தண்ணீர் லாரிகள் வேலைநிறுத்தம் செய்தன. ஓரிரு நாளிலேயே பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களும் அலுவலகங்களும் திண்டாடின. அங்குள்ள கண்ணாடிக் கட்டடங்கள் புறநகர்த் தோப்புக் கிணறுகளை நம்பி நிற்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது. 2020 தொடக்கத்தில் உரிமமில்லாத குடிநீர் ஆலைகளை மூட நீதிமன்றம் உத்தரவிட்டபோது இதே காட்சி 20 லிட்டர் கேனை வைத்து மறுபடி நடந்தது.

லாரி வணிகத்தைக் கொள்ளை என்று ஒரே சொல்லில் முடிப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். 2003–04 வறட்சியில் ஏரிகள் வற்றி நகரத்தின் குழாய் வழங்கல் ஏறக்குறைய நின்றுபோனபோது, மெட்ரோ வாட்டரே உழவர்களின் கிணறுகளிலிருந்து நீர் வாங்கி லாரியில் விநியோகித்தது. அரசு தானே நாடிய வழியைத் தனியாருக்கு மட்டும் தடுப்பது கடினம். விற்கும் விவசாயிக்கு நெல்லைவிடத் தண்ணீர் லாபம் தந்தது. வாங்கும் அடுக்ககத்துக்கு வேறு வழியில்லை. நட்டம் இருவருக்கும் நடுவே, பக்கத்துத் தெருவில் ஆழமில்லாத கிணறு வைத்திருந்தவருக்கு. அவருக்கு இழப்பீடு தர எந்தச் சட்டத்திலும் ஒரு பிரிவு இல்லை. நிலம் யாருடையதோ அதன் அடியிலுள்ள நீரும் அவருடையது என்ற 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டக் காலத்துக் கருத்து இன்னும் உயிரோடு இருக்கிறது.

மழைநீர் சேகரிப்பு

புதுக் கட்டடங்களுக்கு இருந்த மழைநீர் சேகரிப்புக் கடமையை 2003-இல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பழைய கட்டடங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் விரித்தது. சில மாதக் கெடு. மீறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். அப்போது நகராட்சி நிர்வாகத்தில் இருந்த அதிகாரி சாந்தா ஷீலா நாயரும், பெசன்ட் நகரில் வீடுவீடாகச் சென்று இதை வலியுறுத்திய சேகர் ராகவனும் இம்முயற்சியோடு சேர்த்து நினைக்கப்படுபவர்கள். அடுத்து வந்த 2005-இன் பெருமழையில் சென்னையின் கிணறுகளில் நீர் மேலேறியது. இந்தியாவின் வேறு பல மாநிலங்களும் இதைப் பார்த்துத் தம் கட்டட விதிகளைத் திருத்தின.

தென்புறநகரில் இதன் பலன் இடத்துக்கு இடம் வேறுபட்டது. கடலோர மணலில் ஒரு சாதாரண உறிஞ்சு குழியே போதும். பல்லாவரத்துப் பாறையிலும் களிமண்ணிலும் அதே குழி அரை மணி நேர மழையில் நிரம்பித் தெருவுக்கு வழிந்துவிடும். அங்கே மொட்டைமாடி நீரைத் திறந்த கிணற்றிலோ நிலத்தடித் தொட்டியிலோ விடுவதே பயன் தரும். மண்ணைப் பார்த்து வடிவமைக்கும்படி விதி கட்டாயப்படுத்தவில்லை. வரைபட ஒப்புதலுக்காக ஒரு பி.வி.சி. குழாயும் கூழாங்கல் நிரப்பிய ஒரு குழியும் காட்டப்பட்டன. தண்டனையிலும் ஒரு வேடிக்கை: குடிநீர் இணைப்பே இல்லாத புறநகர் வீட்டில் எதைத் துண்டிப்பது?

மழைநீரை நிலத்தில் இறக்கு என்று ஒரு துறை சொல்ல, சீக்கிரம் கடலுக்கு அனுப்பு என்று இன்னொரு துறை கான்கிரீட் வடிகால் கட்டுகிறது. ஜெர்மானிய நிதியுதவியுடனான கோவளம் வடிநில மழைநீர் வடிகால் திட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணற்பகுதிகளும் சேர்க்கப்பட்டபோது, இங்கே வெள்ளமே நிற்பதில்லை, வடிகால் கட்டினால் ஊற்றுதான் போகும் என்று குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள்.

2019

2018-இன் வடகிழக்குப் பருவமழை பெரிதும் ஏமாற்றியது. அந்த ஆண்டு ஜூனில் நிதி ஆயோக்கின் நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கை, 2020-க்குள் சென்னை உள்ளிட்ட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று சொல்லிப் பரபரப்பை உண்டாக்கியிருந்தது. அந்த வாக்கியத்தின் அடிப்படை பின்னர் கேள்விக்குள்ளானது. 2020 வந்தது, நிலத்தடி நீர் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் அடி தெரிய வற்றியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஆரூடத்தை எடுத்துக்கொண்டன. மொத்தம் 11 ஆயிரம் மில்லியன் கன அடிக்கு மேல் கொள்ளும் ஏரிகள் அவை. நகரத்தின் நாள் வழங்கல் 830 மில்லியன் லிட்டரிலிருந்து 525 மில்லியன் லிட்டராகக் குறைக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன.

அரசு கையாண்ட வழிகள் பலவகை. கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீர், சிக்கராயபுரத்திலும் தாம்பரத்துக்கு மேற்கே எருமையூரிலும், சோதிக்கப்பட்டு எடுக்கப்பட்டது. கட்டடங்களுக்காக வெட்டிய பாறைக்குழிகள் அவசர நீர்த்தேக்கங்களாயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அமைச்சர்கள் வரவேற்ற அந்த ரயில் பத்திரிகைப் படங்களில் பெரிதாகத் தெரிந்தது. ஒரு ரயிலின் நீர் நகரத்தின் ஒரு நாள் வழங்கலில் இருநூறில் ஒரு பங்கு. அதற்கு ஒதுக்கிய 65 கோடி ரூபாயில் புறநகர்ச் சிற்றேரிகள் எத்தனையைத் தூர்வாரியிருக்கலாம் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ரயில் நீர் வில்லிவாக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போயிற்று. தாம்பரம் பக்கம் அந்தச் சுவையை அறியவில்லை.

ஓராண்டுக்கு முன் இதே நிலையில் இருந்த தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டி, மீறியவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கி, குழாய் மூடப்படும் நாளைத் தள்ளிப்போட்டுத் தப்பியது. அங்கே வீட்டுக்கு வீடு மீட்டர் இருந்தது. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது; ஒரே கட்டணம். புறநகரிலோ குழாயை விடப் போரும் லாரியும் அதிகம். எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அளக்காத இடத்தில் சிக்கனத்தைக் கட்டளையிட முடியாது. ஆகவே இங்கே வறட்சி மேலாண்மை எப்போதும் புது ஆதாரம் தேடுவதாகவே முடிகிறது.

வறட்சியை அறிவிக்கும் முறையிலும் நகரத்துக்கு இடம் குறைவு. 1876–78 பஞ்சத்துக்குப் பின் பிரிட்டிஷ் அரசு எழுதிய பஞ்சக் கையேடுகளின் வழியில் வந்தது இந்திய நடைமுறை.  இன்று நடப்பில் உள்ள 2016-ஆம் ஆண்டின் வறட்சி மேலாண்மைக் கையேடும் மழைக்குறைவு, விதைத்த பரப்பு, பயிரின் நிலை, மண்ணின் ஈரம் என்றே கணக்கிடுகிறது. பயிர் இல்லாத தாம்பரத்தில் போர்கள் வற்றுவதற்கு அதில் தனி அளவுகோல் இல்லை.

கடல்நீரும் மறுபயன்பாடும்

வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இலும், தெற்கே நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு தலா 100 மில்லியன் லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. தென்சென்னை நீருக்கு நெம்மேலி ஓர் அச்சாணியாயிற்று. 2019 நெருக்கடியின் நடுவில், ஜூன் மாதம், அதே இடத்தில் 150 மில்லியன் லிட்டர் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1,516 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை, மூவரசம்பட்டு போன்ற, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற ஊர்களும் இதன் பயன்பகுதியில் சேர்க்கப்பட்டன. அடுத்தது நெம்மேலிக்குச் சற்றுத் தெற்கே பேரூரில், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 4,276 கோடி ரூபாயில், 400 மில்லியன் லிட்டர் ஆலை. 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்ட அதன் பயனாளிகள் பட்டியலில் தாம்பரம் மாநகராட்சியும் இருபது ஊராட்சிகளும் இடம்பெற்றிருக்கின்றன.

கடல்நீர் மழையை எதிர்பார்க்காது. அதன் பெரிய பலம் அது. மின்சாரத்தை எதிர்பார்க்கும், அதன் செலவு அங்கே. வெளியேற்றும் உப்புக்கரைசல் கரையோர மீன்பிடிப்பைப் பாதிக்கிறது என்று மீனவர்கள் புகார் சொல்லி வந்திருக்கிறார்கள். இன்னொரு சிக்கல் நிலத்தின் ஏற்ற இறக்கம் சார்ந்தது: கடல் மட்டத்தில் சுத்திகரித்த நீரை மேடான தாம்பரம், பல்லாவரம் வரை மேல்நோக்கி இறைக்க வேண்டும். அதே மேட்டில் பெய்யும் மழை கீழ்நோக்கிக் கடலுக்கு ஓடுகிறது.

இதற்கு இணையாக, கொஞ்சம் சத்தமில்லாமல், கழிவுநீர் மறுபயன்பாடு வளர்ந்தது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் ஆலைகள் 2019-இல் இயங்கின. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. அதனால் தொழிற்சாலைகள் எடுக்காமல் விட்ட நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. தென்புறநகரில் இதைச் செய்ய முதலில் பாதாளச் சாக்கடை வேண்டும். 1990-களின் கடைசியில் ஆலந்தூர் நகராட்சி வீட்டுக்கு வீடு முன்வைப்புத் தொகை வசூலித்துப் பாதாளச் சாக்கடை கட்டி நாடறிந்த முன்மாதிரியானது. தாம்பரம் மாநகராட்சியின் புதுப் பகுதிகள் பலவற்றில் அந்த வேலை இன்னும் நடக்கிறது. அதுவரை கழிவுநீர் போய்ச் சேரும் இடம் மழைநீர் வடிகாலும் அதன் முடிவில் உள்ள ஏரியும்.

ஏரி மீட்பு

கழிவுநீர் ஏரியில் சேர்வதற்குச் செம்பாக்கம் ஏரி நல்ல எடுத்துக்காட்டு. சுமார் நூறு ஏக்கர் ஏரி. மேலே இருக்கும் குடியிருப்புகளின் கழிவுநீர் ஆண்டு முழுவதும் வந்ததால் கோடையிலும் வற்றாமல், ஆனால் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு, கேர் எர்த் அறக்கட்டளையும் சென்னை ஐ.ஐ.டி.யும் துணைநிற்க, 2018 முதல் சில ஆண்டுகளில் அதைத் தூர்வாரிக் கரை கட்டியது. சிட்லபாக்கத்தில் முன்னின்றவர்கள் குடியிருப்போரே. ஏரிக்குள் இருந்த குப்பைக் கிடங்கை எதிர்த்து, சர்வே எண்களைத் தேடி எடுத்து, அளந்து, மனுமேல் மனு போட்டு, 2019 கோடையில் வறண்ட ஏரிக்குள் தாங்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதே ஆண்டில் மாநில அரசு 25 கோடி ரூபாயில் சிட்லபாக்கம் ஏரி மீட்புத் திட்டத்தை அறிவித்தது. குடிமராமத்து என்ற பழைய பெயரில் மாநிலம் 2016–17-இல் தொடங்கிய ஏரிப் பராமரிப்புத் திட்டம் விவசாயிகள் சங்கத்தைப் பங்காளியாக வைத்தது. ஆயக்கட்டே இல்லாத ஏரிக்கு அந்தச் சங்கம் எங்கே கிடைக்கும்? சிட்லபாக்கத்தில் அந்த இடத்தை நலச்சங்கங்கள் பிடித்துக்கொண்டன. சட்டத்தில் அவற்றுக்கு இன்னும் இடமில்லை.

மீட்ட ஏரிகள் பலவும் நடைபாதை, விளக்கு, இருக்கை என்று பூங்காக்களாக மாறுகின்றன. நடைபாதைக்காகக் கரையை உள்ளே தள்ளிக் கட்டினால் கொள்ளளவு குறையும். வரத்துக் கால்வாயை விட்டுவிட்டு ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால், அடுத்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்க, ஏரி பாதிகூட நிரம்பாது. இருக்கும் ஏரிகளின் நிலை இப்படியிருக்க, சென்னைக்கு ஆறாவதாக ஒரு நீர்த்தேக்கம் கோவளத்துக்கு அருகே அமைக்கப்படும் என்று 2025–26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது; கொள்ளளவு 1.6 டி.எம்.சி., மதிப்பீடு 350 கோடி ரூபாய். பக்கிங்காம் கால்வாய்க்கும் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட அந்தத் தாழ்நிலத்தில் மீன்பிடித்தும் இறால் பிடித்தும் வாழ்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள்.